கஞ்சி போட்ட கார்

எங்கள் கொல்லையில் ஆடுகள் தண்ணீர் குடிப்பது ஒரு பழைய மோட்டார் காரின் மட்கார்டில். மல்லாக்கப் போட்டால் இரண்டு முனையும் மேலே தூக்கிக்கொள்ளும், நடுவில் தண்ணீர் நிற்கும். கறுப்பு வர்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ஆனால் தண்ணீர் வற்றும்போது உட்புறத்தில், உள்ளங்கை அகலத்தில், அடுத்தடுத்துச் சில கட்டங்கள் தெரியும். ஒன்றில் முழுக்கக் கீறல், ஒன்றில் பழுப்புக் கறை, ஒன்று மட்டும் இன்றைக்கும் லேசாக மினுங்கும். பார்க்கிறவர்கள் ஆடு உரசிய தடம் என்பார்கள். ஆடு அல்ல, அது என் நாத்தனாரின் கைவேலை.

நான் இளம்பிள்ளை என்ற ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. உலகச் சண்டைக்கு முந்திய காலம், பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது, என் மாமனார் அவருடைய காரை வாங்கிவிட்டார். பாவு, ஊடை, தறி என்று இருந்த நெசவு வீட்டில் அது வந்து நின்றதும் எல்லோரும் சுற்றி வந்து பார்த்தோமே தவிர, தொடப் பயந்தோம். வெகுநாள் கொட்டகையில் கிடந்ததால் மேலெல்லாம் பூஞ்சை, பறவை எச்சம். என் வீட்டுக்காரர் ஓட்டப் பழகிக்கொண்டார். அதைச் சுத்தம் செய்வது எப்படி என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

நாத்தனார் மட்டும் பயப்படவில்லை. விரல் நகத்தால் தட்டினாள், முகர்ந்தாள். "ஏனுங்கண்ணி, மேல பூசியிருக்கறது எண்ணெயிங்களா, அரக்குங்களா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? அவள் சுபாவமே அதுதான். எதைப் பார்த்தாலும் கேள்வி. அந்தக் கேள்வியால்தான் அதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் தட்டிப் போயிருந்தன. பெண் பார்க்க வந்தவர்களிடம், அவர்கள் ஊர்ச் சாயம் ஏன் வெளுக்கிறது என்று கேட்டால் யார் பெண் எடுப்பார்கள்? ஊரில் அவளுக்கு வாயாடி என்று பெயர் விழுந்துவிட்டது. வெளியே சிரித்தாலும், அடுத்ததாக வந்திருந்த ராசிபுரத்து வரனும் போய்விடுமோ என்று அவளுக்கு உள்ளூர நடுக்கம் இருந்தது எனக்குத் தெரியும்.

அந்த ராசிபுரத்துக்காரர்களைத்தான் நம் காரிலேயே அழைத்து வருவதாக மாமனார் பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். காரோ அழுது வடிந்தது. நாத்தனார் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். நானும் கூட நின்றேன். கண்ணில் படுகிற இடத்தில் கை வைக்க அவள் சம்மதிக்கவில்லை. மட்கார்டின் உட்புறத்து மண்ணைக் கழுவி, அங்கே முதலில் சாம்பலைத் தேய்த்தாள். கீறல் விழுந்தது. "இது ஆகாதுங்க." அடுத்துச் சீயக்காய், கறை படிந்தது. புளி, வர்ணத்துக்கு ஒன்றும் செய்யவில்லை, துணிந்து முன்விளக்கில் தேய்த்தபோது அதன் வெள்ளை உலோக வளையத்தை மட்டும் பளிச்சென்று ஆக்கியது. கடைசியில் வெறும் கிணற்றுத் தண்ணீரும் தறியில் மிஞ்சும் கழிவு நூலும்தான் சரி என்று முடிவு செய்தோம். மேலிருந்து கீழே, நிழலில் வைத்து, நூலை அடிக்கடி மாற்றித் துடைத்தோம். அழுக்குப் போயிற்று. ஆனால் மினுமினுப்பு வரவில்லை.

அவள் கையிலிருந்த கழிவு நூலை விரலில் சுற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "நூலுக்கு மினுக்கம் எதுல வருதுங்கண்ணி?" என்றாள். நெசவு வீட்டில் பிறந்த குழந்தைகூடச் சொல்லும், கஞ்சியில் என்று. அரிசிக் கஞ்சியை வடிகட்டி, நல்லெண்ணெய் விட்டுக் கலக்கி, மட்கார்டுக்குள் ஒரு கட்டம் பூசிப் பார்த்தாள். மினுங்கியது! எனக்கே ஆச்சரியம். பாவுக்குக் கஞ்சி தேய்க்கும் நீளப் புருசை எடுத்து வந்து, ஒரே திசையில் இழுத்து இழுத்து, கார் முழுவதும் பூசிக் காயவிட்டோம். விடிந்து பார்த்தால் கதவில் எங்கள் முகம் தெரிந்தது. மாமனார் இரண்டு தரம் சுற்றி வந்து, மீசையைத் தடவிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததை என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். ராசிபுரத்தில் மாப்பிள்ளையின் அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, மல்லூர் தாண்டி, சந்தைக்குப் போகும் மேச்சேரிச் செம்மறிக் கூட்டம் ஒன்று எதிரே வந்திருக்கிறது. வழிவிடக் காரை நிறுத்தினார். ஒரு ஆடு மோந்து பார்த்தது, நக்கியது. அவ்வளவுதான், மந்தை முழுவதும் காரைச் சூழ்ந்துகொண்டது. ஹாரன் அடித்தும் பயனில்லை. ஒரு ஆடு ஜன்னல் வழியாகத் தலையை விட்டு மாப்பிள்ளை அப்பாவின் அங்கவஸ்திரத்தையும் சுவைத்துப் பார்த்ததாம்.

கார் எங்கள் வாசலுக்கு வந்தபோது ஒரே திட்டுத் திட்டாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வரவில்லை. "ஆட்டு எச்சில்ல குளிச்சு வந்திருக்கறோம். இதென்ன சகுனமுங்க? வண்டியத் திருப்புங்க, நாங்க போறோம்" என்றார். மாமனார் பதறிப்போய், வேலையாள் எவனோ தெரியாமல் எதையோ பூசிவிட்டான் என்று சமாளித்தார். கதவுக்குப் பின்னால் நான் நாத்தனாரின் கையைப் பிடித்திருந்தேன். அவள் உதறிக்கொண்டு, பட்டுப் புடவையும் பூவுமாக வாசலுக்குப் போய் நின்றாள்.

"வேலையாள் இல்லீங்க. நாந்தானுங்க பூசுனேன். கஞ்சிங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா நேரே காரருகே போய், நக்குப்படாத ஒரு மூலையை நகத்தால் சுரண்டி, விரலில் உருட்டிப் பார்த்தார்.

"எண்ணெய் விட்டயா?"

"விட்டனுங்க. இல்லாட்டிக் காஞ்சு வெடிச்சுருமுங்க."

"கொஞ்சம் கூடிப்போச்சு சாமி. தூசி ஒட்டியிருக்குது பாரு."

அத்தோடு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்திருக்கலாம். வந்தாளா? "ஏனுங்க, ஆடு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நக்குச்சுங்களா, வெயில் பட்ட பக்கம் கம்மியுங்களா?" என்று கேட்டாள். முடிந்தது, மூன்றாவதும் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அதைத்தான் நானும் வழி நெடுகப் பாத்துட்டு வந்தேன்" என்றார் அந்த அம்மாள். "நிழல் பக்கந்தான் ஜாஸ்தி. வெயில்ல கஞ்சி இறுகிப்போயிருக்கும்." பிறகு கணவரைப் பார்த்து, "உள்ள வாங்க. பொண்ணு பாத்தாச்சு" என்றார்.

சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கார் பழைய இரும்புக்குப் போனது. நாத்தனார்தான் வந்து அந்த ஒரு மட்கார்டை மட்டும் கழற்றி வைக்கச் சொன்னாள். போன தையில் அவள் காலமானாள். இப்போது அவள் மகன் சொந்தக் கார் வாங்கியிருக்கிறான். போன வாரம் எங்கள் வாசலில் நிறுத்தி, கடையில் வாங்கிய மெழுகு டப்பாவைத் திறந்தவன், மேலே ஒட்டியிருந்ததைப் படித்துச் சிரித்தான். "கண்ணுல படாத எடத்துல மொதல்ல தடவிப் பாக்கோணுமாம். இதெல்லாம் யாருங்கத்தை பாப்பாங்க?"

அவன் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனேன். அந்த மட்கார்டுத் தொட்டியில் ஒரு ஆடு தலையை விட்டு, கடைசித் தண்ணீரையும் உறிஞ்சி முடித்துவிட்டு, அந்த மினுங்குகிற கட்டத்தை நக்கிக்கொண்டிருந்தது.