இடதுகால் செருப்பு

பெரிய அதிகாரி பாசியைப் பார்க்கத்தான் வருகிறார் என்று அண்ணாதுரையிடம் யாரும் சொல்லவில்லை. மதகைப் பார்ப்பார், பிடித்திருந்தால் உன்னை நிரந்தரமாக்கும் கோப்பில் கையெழுத்துப் போடுவார் என்று மட்டும் சொன்னார்கள்.

கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு வாய்க்கால் மதகில் அவர் லஸ்கர். தண்ணீர் விடச் சொன்னால் பலகையைத் தூக்குவார், போதுமென்றால் இறக்குவார். இருபத்துமூன்று வருடமாகத் தற்காலிகம்.

அதிகாரி வருகிறார் என்றால் மதகுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். விடிந்ததும் தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடருமாக இறங்கினார். ஒழுகும் இடுக்கில் இருந்த பச்சையைக் கரண்டியால் சுரண்டி வாய்க்காலில் விட்டார். சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டையும் போட்டார்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரியோடு கல்லூரியில் தாவரவியல் நடத்தும் ஷமீராவும் இறங்கினார். போன வருடம் அவர் சுவரைப் படமெடுத்தபோது, ஒழுகலைப் பற்றிப் புகார் எழுதப்போகிறார் என்றுதான் அண்ணாதுரை நினைத்திருந்தார்.

“அண்ணே, இங்க இருந்த பாசி எங்க?”

“அசிங்கமா இருந்துச்சும்மா. சார் வர்றாங்கல்ல, எடுத்துட்டேன்.”

“உலகத்துலயே இது ஒண்ணுதான்யா இருந்துச்சு!” என்றார் அதிகாரி.

“ஆமா சார், ஒண்ணே ஒண்ணுதான். அதான் சீக்கிரம் முடிஞ்சுது.”

ஷமீராவின் முகத்தைப் பார்த்ததும்தான் கோப்பு போய்விட்டது என்று அண்ணாதுரைக்கு விளங்கியது. பின்னால் நகர்ந்தார். ஈரச் செருப்பு வழுக்கி மல்லாந்து விழுந்தார். கால் மேலே நின்றது.

“அசையாதீங்கண்ணே!”

ஷமீரா லென்ஸோடு குனிந்தார். இடதுகால் செருப்பின் அடியில், தேய்ந்த வரிகளுக்குள், நகமளவு பச்சை இருந்தது.

இருபது நிமிடம் அண்ணாதுரை காலைத் தூக்கியபடியே கிடந்தார். வெயில் படாமல் அதிகாரியே குடை பிடித்தார், செருப்புக்கு மட்டும்.

செருப்பை ஒழுகலுக்குக் கீழே ஆணியடித்து மாட்டினார்கள். அதில் பாசி துளிர்த்தது. வாய்க்கால் வற்றிய மாதங்களில் அண்ணாதுரை குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, மணிக்கொரு தடவை தெளித்தார். உச்சிவெயிலுக்கு ஈரச்சாக்கு கட்டினார். மறுவருடம் உத்தரவு வந்தது: செருப்பு நிரந்தரமாக அங்கேயே இருக்க வேண்டும். தற்காலிகப் பணியாளர் அண்ணாதுரை அதற்கு நீர் தெளித்துவர வேண்டும்.

மனைவி குந்தவை அதை இரண்டு தடவை படித்தார்.

“உங்க செருப்பு நிரந்தரமாயிடுச்சு. நீங்க எப்பங்க?”

“வலதுகால் செருப்பு இருக்குல்ல,” என்று சொல்லிவிட்டு, அண்ணாதுரை அதையும் எடுத்துக் குடத்துத் தண்ணீரில் நனைத்தார்.