மாமாவின் இடது பக்கம்

நான் பயந்தாங்கொள்ளி. இன்றைக்கும் பஸ் வளைவில் திரும்பினால் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருவேன். இந்தப் பயத்தையும் ஒரு பொருட்டாக மதித்தவர் என் தாய்மாமா ஒருவர்தான்.

அவர் ஒரு காலத்தில் பாக்ஸர். ஹட்டன் பக்கம் வெள்ளைக்காரத் துரைமார் கூடுகிற கிளப்பில் கோப்பை கழுவப் போனவரை, உடம்பைப் பார்த்துவிட்டு, கையில் உறையை மாட்டிக் கயிறு கட்டிய மேடையில் ஏற்றிவிட்டார்களாம். ஆறேழு வருஷம் அடித்தார், அடியும் வாங்கினார். பிறகு ஒரு நாள் காரணம் எதுவும் சொல்லாமல் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்து, செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டார். தொழிற்சங்கம் வந்தபோது, லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் அவரைத்தான் தலைவராக்கினார்கள். குத்துச்சண்டைக்கும் குஸ்திக்கும் எங்கள் ஆட்களுக்கு வித்தியாசம் தெரியாது. “நம்ம தலைவரு குஸ்திக்காரரு, தொரையே பயப்படுவாரு” என்று பீற்றிக்கொண்டார்கள். ஆனால் மாமா யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

எங்கே போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். “மருமகளே, இந்தப் பக்கம் வா” என்று இடது பக்கத்தில்தான் நடக்க வைப்பார். நான் வலப்பக்கம் ஓடினால் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார். நானும் சும்மா நடக்கிறவள் இல்லை. மாமா கல்லு, மாமா நாயி, மாமா லொறி வருது என்று வாய் ஓயாது.

“ஒரு நிமிஷம் வாய மூட மாட்டியாடி?” என்று அம்மா அதட்டுவாள்.

“அவள விடுக்கா, பேசட்டும்” என்பார் மாமா.

எனக்கு எட்டு வயதாயிருந்தபோது அப்பாவுக்குப் பத்துச்சீட்டு கொடுத்தார்கள். கவ்வாத்து மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவை எதிர்த்துப் பேசியதற்குத் தண்டனை. பத்துச்சீட்டு வந்தால் வேலை மட்டும் போகாது, லயத்துக் காம்பராவையும் காலி செய்ய வேண்டும். எதிர்த்துப் பேசியவனை அடுத்த தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். அம்மா சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிவைத்துவிட்டு அழுதாள். எனக்கோ, அடைக்கு உட்கார்ந்திருந்த எங்கள் கோழியைப் பற்றிக் கவலை. பாதியில் தூக்கினால் முட்டையெல்லாம் கூழாகிவிடுமே!

காலி செய்வதற்கு முதல் நாள் காலை மாமா ஆபீசுக்குப் பேசப் புறப்பட்டார். லயத்துச் சனமெல்லாம் பின்னால். நானும் ஓடிப்போய் அவருடைய இடது பக்கம் சேர்ந்துகொண்டேன். அம்மா என் கன்னத்தைத் திருகி, “அங்க வந்து வாயத் தொறந்த, தோல உரிச்சிருவேன்” என்றாள்.

தோட்டத்துத் துரையிடம் பேச வேண்டுமென்றால், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் நிற்க வேண்டும். அதுதான் வழக்கம். மாமா துண்டைத் தோளிலேயே போட்டிருந்தார். சற்றுத் தள்ளி ஒரு போலீஸ் ஜீப் நின்றது.

“விசாரிச்சுப் பாருங்க தொரை. பொட்டப் புள்ளைய வச்சிக்கிட்டு அவங்க எங்க போவாங்க?”

“மொதல்ல தோள்ல இருந்து துண்ட எடுடா!” படிக்கட்டில் நின்ற கண்டாக்கையா கத்தினார்.

மாமா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. “நியாயம் கெடைக்கட்டுங்க ஐயா. எடுத்துருவோம்.”

கண்டாக்கையா புல்லில் இறங்கி இடது பக்கமாக வந்தார். கையில் பிரம்பு. அது உயர்வதை நான் பார்த்தேன். ‘மாமா, கம்பு’ என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அம்மா திருகிய கன்னம் எரிந்தது உண்மைதான். அது மட்டும் காரணமில்லை. மாமா பாக்ஸர் ஆயிற்றே! குனிவார், ஒரே குத்து, கண்டாக்கையா ரோஜாப் பாத்தியில் போய் விழுவார். அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

மாமா குனியவில்லை. இமைகூட அசையவில்லை. அடி இடது பொட்டில் விழுந்தது. முழங்கால் மடிந்து சரிந்தார்.

“குடுங்க தலைவரே! ஒண்ணு குடுங்க!” என்று சனம் அலறியது. ஜீப்பில் சாய்ந்திருந்த போலீஸ்காரர்கள் நிமிர்ந்தார்கள்.

மாமா தரையைத் தடவித் துண்டை எடுத்தார். உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “பத்துச்சீட்டப் பேசி முடிச்சிருவோம் தொரை.”

துரை கண்டாக்கையாவை உள்ளே போகச் சொன்னார். மாலையில் பத்துச்சீட்டு ரத்தானது. எங்கள் கோழி ஏழு குஞ்சு பொரித்தது.

அடி வருவதைப் பார்த்துக்கொண்டே கை ஓங்காமல் நின்ற தலைவர் என்று அந்தக் கதை மஸ்கெலியா வரைக்கும் போனது. பக்கத்துத் தோட்டங்களும் அவரையே தலைவராக்கின. மாமா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அவர்மேல் கோபம். அன்று திரும்பி வரும்போது, “மருமகளே, இந்தப் பக்கம் வா” என்று கூப்பிட்டார். திருப்பி அடிக்காதவரோடு என்ன நடை என்று நான் பின்னாலேயே வந்தேன். வழியில் இரண்டு தடவை கல்லில் இடறினார்.

அஞ்சாம் வகுப்போடு என்னைக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள். அந்த அடிக்குப் பிறகு மாமாவுக்குத் தலைவலி நின்றபாடில்லை. பல வருஷம் கழித்துக் கண்டி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் அவருடைய வலது கண்ணைப் பொத்தி விரல்களைக் காட்டினார். மாமா என் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தார்.

“சொல்லு மருமகளே, எத்தன வெரலு?”

மேடையில் வாங்கிய அடியில் எப்போதோ போனது அந்த இடது கண் என்றார் டாக்டர்.

எட்டு வயதில் எனக்கு அது தெரியாது. அந்தப் பக்கத்துக்கு அவர் நம்பியிருந்தது என் பயத்தை. என் ஆயுளில் நான் பயப்படாமல் நின்றது அந்த ஒரே ஒரு தடவைதான்.