அமெரிக்காவுக்கு ஒரு பட்டிமன்றம்

சண்டை வராத தலைப்பாக ஒன்று வேண்டும் என்று எங்கள் பழைய மாணவர் சங்கத் தலைவர் ஒரு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் புடைவைக் கடை. சங்கக் கூட்டங்கள் எல்லாம் அந்தக் கடையின் பின்னறையில், சேலைப் பெட்டிகளுக்கு நடுவேதான் நடக்கும். முந்தைய பொங்கல் விழாவில் 'வாழச் சிறந்தது ஊரா, பாரிஸா' என்று ஒரு பட்டிமன்றம் வைத்தோம். அது கதிரை தூக்கும் அளவுக்குப் போய், மண்டபத்துக்காரர் வந்து விளக்கை அணைத்த பிறகுதான் ஓய்ந்தது. அதற்கு முதல் வருடம் மாமியாரா மருமகளா. அதற்குப் பிறகு தலைவர் கொஞ்ச நாள் கடையிலேயே சாப்பிட்டார்.

2013 பொங்கலுக்கு அவர் கண்டுபிடித்த தலைப்பு இது: 'அமெரிக்காவில் பொதுமக்கள் துவக்கு வைத்திருக்கலாமா, கூடாதா?' அந்த மார்கழியில் தொலைக்காட்சியைப் போட்டால் அமெரிக்காதான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் யாரோ சுட்டு, பிள்ளைகள் செத்து, துவக்குக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று பாதி நாடும் அது எங்கள் உரிமை என்று மீதி நாடும் கத்திக்கொண்டிருந்தன.

"அமெரிக்காவிலை எங்களுக்கு வோட்டும் இல்லை, காணியும் இல்லை. ஆரும் ஆரோடையும் கோவிக்க ஏலாது" என்றார் தலைவர், பெருமையாக.

யாழ்ப்பாணத்துச் சனம் நிறைந்த மண்டபத்தில் துவக்கைப் பற்றிப் பேசினால் ஒருவருக்கும் கோபம் வராது என்று நம்பிய மனிதரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பின்னறையில் இருந்த நாங்கள் எல்லோருமே 'நல்ல யோசனை' என்று தலையாட்டினோம்.

என்னை நடுவராகப் போட்டார்கள். நான் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறவள். நாள் முழுக்கக் கோபக்காரர்களோடு தொலைபேசியில் பேசிப் பேசிக் குரல் தடித்துப்போனது. அதுதான் என் தகுதி என்று நினைத்தேன். தலைவர் வேறு காரணம் சொன்னார். "பேசுற ஆக்களிலை ரெண்டு பேர் உங்கடை வீட்டு ஆக்கள், அக்கா. அவை உங்களுக்கு மட்டும்தான் பயம்."

அந்த இரண்டு பேர் என் கணவரும் என் பெரியண்ணையும். இருவரும் 2009 வைகாசிக்குப் பிறகு ஒருவரோடொருவர் பேசவில்லை.

அது இலங்கையில் போர் முடிந்த கிழமை. பாரிஸுக்கு வெளியே, பொண்டியில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் கணவர் உணவகத்தில் சமைக்கிறவர், சமையலில் எவ்வளவு பொறுமையோ வாயில் அவ்வளவு அவசரம். "முதலே துவக்கைத் தூக்காமல் விட்டிருந்தால் இவ்வளவு சனம் செத்திராது. ஒரு துவக்கு வீட்டுக்குள்ளை வந்தால் பத்துத் துவக்கு அந்த வீட்டைத் தேடி வரும்" என்றார். பெரியண்ணை சோற்றுக் கோப்பையைத் தள்ளினார். சொதி மேசைத் துணியில் ஓடியது. "கதவைத் தட்டினவன்ரை கையிலை துவக்கு. திறந்த எங்கடை கையிலை அடையாள அட்டை. இதிலை என்னத்தைக் கதைச்சுத் தீர்க்கிறது?" என்று கேட்டுவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் கூசேன்வில்லில் இருக்கும் தன் வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டார்.

இரண்டு பேரும் வாழ்க்கையில் ஒரு துவக்கைத் தொட்டதில்லை. ஒருவர் தொட்டது அகப்பை, மற்றவர் தொட்டது விமான நிலையத்தில் அடுத்தவர்களின் பெட்டிகள். துவக்கைத் தொட்டது எங்கள் சின்னண்ணை. என் கணவரோடு ஒரே வகுப்பில் படித்தவர், அவருடைய உயிர்ச் சிநேகிதர். ஒரு நாள் பள்ளிக்கூடம் போனவர் திரும்பி வரவில்லை, இயக்கத்துக்குப் போய்விட்டார், பிறகு ஒரேயடியாக வரவில்லை. அவர் அநியாயமாகப் போனார் என்று என் கணவரால் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் அநியாயமாகப் போகவில்லை என்று பெரியண்ணையாலும் சொல்லாமல் இருக்க முடியாது. எனக்கு இரண்டு பேர் மேலும் இரக்கமாகவும் இருக்கும், இரண்டு பேரையும் அகப்பையால் போடலாம் போலவும் இருக்கும்.

கிட்டத்தட்ட நாலு வருடம் நானே தபால்காரி. ஒருவர் அண்ணையை 'உம்மடை கொண்ணர்' என்பார். மற்றவர் 'உன்ரை மனுசன்' என்பார். அதுவரை சமாளித்தேன். மகள் பெரியபிள்ளை ஆனதும் சமாளிக்க முடியவில்லை.

சாமத்திய வீட்டை, அதாவது அவளுடைய பூப்புநீராட்டு விழாவை, ஈஸ்டரோடு வரும் பாஸ்கு விடுமுறையில் வைக்க மண்டபம் பிடித்தாகிவிட்டது. தாய்மாமன் வந்து நிற்க வேண்டும், தேங்காய் உடைக்க வேண்டும், பாலில் நனைத்த அறுகம்புல்லால் பிள்ளையின் தலையில் பாலறுகு வைக்க வேண்டும். இருப்பதோ ஒரே ஒரு தாய்மாமன். எங்கள் வழக்கத்தில் இதற்குத் தொலைபேசியில் சொன்னால் சொன்னதாகாது, புருசனும் பெண்சாதியுமாக நேரில் போய் வாயால் சொல்ல வேண்டும். "உன்ரை மனுசன் வந்து வாயாலை சொன்னால் வாறன். சொல்லாட்டி வரமாட்டன்" என்றார் பெரியண்ணை. "கோப்பையைத் தள்ளினது கொண்ணர். முதல் அவர் என்ரை வீட்டுப் படியேறட்டும். பிறகு நான் போறன்" என்றார் என் கணவர். மகள் இரண்டையும் கேட்டுவிட்டு, உங்கள் எல்லோருக்கும் பைத்தியம் என்று பிரெஞ்சில் சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஆனால் மாமா வருவாரா என்று ஒவ்வொரு கிழமையும் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டவளும் அவள்தான்.

இப்படிப்பட்ட இரண்டு பேரும் ஒரே மேடைக்கு எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று கேட்கலாம். மைக் என்றால் இருவருக்கும் உயிர். அவர் விலகட்டும் என்று இவரும் இவர் விலகட்டும் என்று அவரும் இருந்ததில் ஒருவருமே விலகவில்லை.

அணி பிரிக்கத் தலைவர் ஒரு சேலைப் பெட்டிக்குள் திருவுளச்சீட்டுப் போட்டார். ஆளுக்கொன்று எடுத்தார்கள். துவக்கு வேண்டும் என்ற அணி என் கணவருக்கு விழுந்தது. வேண்டாம் என்ற அணி பெரியண்ணைக்கு. இருவர் முகத்தையும் பார்த்து எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பட்டிமன்றத்தில் விழுந்த அணியை மாற்றக் கேட்பது மானக்கேடு. எனவே வாயைத் திறக்காமல் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்கள்.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. முதலில் பேசியவர்கள் ஒழுங்காக அமெரிக்காவிலேயே நின்றார்கள். ஒருவர் கரடி வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். இன்னொருவர் கரடியைவிட மனிதன் மோசம் என்றார். சனம் சிரித்தது, தலைவர் முன்வரிசையில் காலுக்கு மேல் கால் போட்டு இருந்தார்.

பிறகு பெரியண்ணை எழும்பினார். கொஞ்ச நேரம் அமெரிக்கப் பாராளுமன்றத்தைப் பற்றி என்னவோ சொன்னார். பிறகு ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். "ஒரு துவக்கு வீட்டுக்குள்ளை வந்தால், பத்துத் துவக்கு அந்த வீட்டைத் தேடி வரும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது என் கணவரின் வசனம். எங்கள் சாப்பாட்டு மேசையில் சொன்னது, ஒரு சொல் மாறவில்லை. தூக்கத்தில் கேட்ட நாய்ச் சத்தம், வேலிக்கு மேலால் தெரிந்த தலைகள், பெடியனைத் தேடி வந்தவர்கள் பெடியன் இல்லாததால் தகப்பனைக் கொண்டுபோனது என்று அண்ணை சொல்லிக்கொண்டே போனார். எங்கள் ஐயாவைக் கொண்டுபோன கதை அது. அமெரிக்காவில் பனைமட்டை வேலி கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை.

என் கணவர் மைக்கை வாங்கினார். "கதவைத் தட்டினவன்ரை கையிலை துவக்கு. திறந்த எங்கடை கையிலை அடையாள அட்டை" என்று தொடங்கினார். அண்ணையின் முகம் அப்படியே நின்றுவிட்டது. "என்னோடை ஒருத்தன் படிச்சவன். கணக்கிலை புலி. அவனைப் படிக்க விட்டிருந்தால் அவன் ஏன் போறான்? அவனுக்கு வேறை என்ன வழி விட்டவங்கள்?" அதோடு மைக்கைக் கீழே இறக்கினார். நேரம் முடிந்ததென்று நான் மணி அடித்தேன். நேரம் முடியவில்லை.

பின்வரிசையில் ஒருவர் எழும்பி, "நீங்கள் எந்த நாட்டைப் பற்றிக் கதைக்கிறியள்?" என்று கத்தினார். இன்னொருவர், "கதைக்கட்டும், விடு!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினார். கதிரைகள் கிறீச்சிட்டன. தலைவர் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அமெரிக்கா அக்கா, அமெரிக்கா" என்று என்னிடம் கெஞ்சினார்.

பட்டிமன்ற நடுவர் கடைசியில் இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு என்று சொல்லி, ஒரு பகிடி விட்டு, ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்து முடிக்க வேண்டும். நானும் அப்படித்தான் ஆயத்தம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். எழும்பி நின்றதும் அதெல்லாம் மறந்துபோனது, மேடைத் தமிழும் மறந்துபோனது.

"அமெரிக்காவைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது" என்றேன். "இந்த ரெண்டு பேரும் நாலு வருசமாக் கதைக்கேல்லை. ஆனா ஒராள் சொன்னதை மற்றாள் ஒரு சொல் விடாமல் பாடமாக்கி வைச்சிருக்கினம். என்ரை பிள்ளைக்கு ரெண்டு மாமன்மார். ஒராளைத் துவக்கு கொண்டுபோட்டுது. மற்றாளைத் துவக்கைப் பற்றின கதை கொண்டுபோகப் பாக்குது. நான் விடமாட்டன். ரெண்டு பேரும் ஒரு இடத்திலை இருந்து கதைக்க வேணும். இதுதான் தீர்ப்பு."

தலைவர் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கி, மீன் ரோல் ஆறுகிறது என்று அறிவித்தார். அவர் வாழ்நாளில் சொன்னதில் அதுதான் மிகப் புத்தியான வசனம்.

நடுவர் தீர்ப்புக்கு மறுபேச்சில்லை என்பது வழக்கம். எனவே இருவரும் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்கள், எந்த இடம் என்பதில் சண்டை பிடித்தார்கள். கூசேன்வில் சரிவராது, பொண்டி சரிவராது. எங்கள் ஆட்கள் பேச்சுவார்த்தை என்றால் மூன்றாம் நாட்டுக்குப் போய்த்தான் பழக்கம். நான் தொலைபேசியும் காதுமாக அலைந்ததில் கடைசியில் லா ஷப்பல் தேநீர்க் கடை ஒன்று மூன்றாம் நாடானது. அரசியல் பேசக்கூடாது என்று அண்ணை நிபந்தனை வைத்தார். சொதியைப் பற்றிப் பேசக்கூடாது என்று என் கணவர் நிபந்தனை வைத்தார். முதலில் ஒருவர் வந்து காத்திருந்தால் அவர் இறங்கிவந்ததாகிவிடும் என்பதால் நான் மட்டும் முன்கூட்டியே போய் மேசை பிடித்தேன்.

வந்து இருந்தார்கள். பிளேன்ரீ வந்தது. குளிரைப் பற்றிப் பேசினார்கள். ரயில் தாமதத்தைப் பற்றிப் பேசினார்கள். எதிர்க்கடை முருங்கைக்காய் வாடிக் கிடப்பதைப் பற்றி இவ்வளவு ஆழமாகப் பேச முடியும் என்று நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். மேசைக்குக் கீழே கணவரின் காலை இரண்டு தரம் உதைத்தேன். சாமத்திய வீடு என்ற சொல் அவர் தொண்டையைத் தாண்டவில்லை. அண்ணை அதற்காகக் காத்திருந்து, பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அப்ப நான் வெளிக்கிடப் போறன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. மகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு எழும்பினேன்.

இருவருக்கும் ரயில் பக்கத்திலிருந்த கார் து நோர் நிலையத்தில்தான் என்பதால் வேறு வழியில்லாமல் மூவரும் சேர்ந்து நடந்தோம். நான் நடுவில், அவர்கள் இரு பக்கம். நிலைய வாசலைத் தாண்டி உள்ளே போனதும் எதிரே இராணுவத்தார் வந்தார்கள், பச்சைச் சீருடையில், நெஞ்சுக்குக் குறுக்கே துவக்கைப் பிடித்தபடி. பாரிஸில் இது புதிதல்ல. ரயில் நிலையத்தில் எப்போதும் இப்படி நாலு பேர் சுற்றுவார்கள், சனம் அவர்களைக் கவனிக்காமல் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும்.

என் இரு பக்கத்திலும் நடை நின்றது. என் கணவரின் இடது கை என்னை மெல்லப் பின்னுக்குத் தள்ளியது. அண்ணையின் வலது கையும் அதே நேரம் தள்ளியது. இரண்டு கைகளும் எனக்கு முன்னால் முட்டிக்கொண்டன. மற்றக் கைகளைப் பார்த்தேன். இருவரும் அடையாள அட்டையை வெளியே எடுத்து, ஊரில் சோதனைச் சாவடியில் நின்றதுபோல், முகம் தெரிய, நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் கேட்கவில்லை. இராணுவத்தாரில் ஒரு பெடியன் எங்களைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்து, வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்துபோனான்.

இருவரும் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்கள், பிறகு மற்றவர் அட்டையைப் பார்த்தார்கள். அண்ணைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"உனக்கும் இன்னும் போகேல்லையோ, மச்சான்?"

"எங்கை போறது, அண்ணை?" என்றார் என் கணவர். அட்டையை உள்ளே வைக்காமல், கையில் பிடித்தபடியே, "பாஸ்கு லீவிலை பிள்ளைக்குச் சாமத்திய வீடு. நீங்கள்தான் வந்து பாலறுகு வைக்க வேணும். அவன் இருந்தால் அவனும் வந்திருப்பான்" என்றார்.

அண்ணை கண்ணைத் துடைத்தார். "ரெண்டு பேருக்குமாச் சேர்த்து வைக்கிறன்" என்றார்.