முன் ஆறு, பின் நான்கு

மொதேகி இவாவோவுக்கு ஆறாவது பெட்டியில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். எதிரே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் தாளைக் கொஞ்சம் தாழ்த்தி இவரை முறைத்தார். இவாவோ போய்ப் பெட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழாவது பெட்டியின் ஓட்டுநர் அறை. எட்டித் தொடும் தூரம்தான், ஆனால் இரண்டு பக்கமும் பூட்டிய கதவு. ஓடும் வண்டியில் ஆறிலிருந்து ஏழுக்குப் போக வழியே இல்லை. அந்தப் பக்கம் எங்கேயோதான் அவர் மனைவி கினுயோ உட்கார்ந்திருந்தாள்.

அகிமோரி ஜங்ஷன் வரைக்கும் இது ஒரே வண்டி. அங்கே இரண்டாகப் பிரியும். முன்னால் இருக்கும் ஆறு பெட்டி மலைப்பக்கம் தகாசுகிக்குப் போகும். இவர்கள் வீடு அங்கே. பின்னால் இருக்கும் நாலு பெட்டி ஆற்றங்கரை இஷிவதாவுக்குப் போகும். கினுயோவின் அக்கா வீடு அங்கே. இதைப் பயணிகளுக்குச் சொல்லிச் சொல்லியே முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஜங்ஷனில் சம்பளம் வாங்கியவர் இவாவோ. ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகிறது.

ஓய்வு பெற்றதைக் கொண்டாடத்தான் வெந்நீர் ஊற்றுக்குப் போனார்கள். வழியில் வண்டி மாறுகிற இடத்தில், திசை தெரியாமல் விழித்த ஒரு குடும்பத்தை இவாவோ மூட்டை முடிச்சோடு அவர்கள் வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், இவர்களுடைய வண்டி போய்விட்டிருந்தது. விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். கினுயோ ஆறிப்போன சோற்று உருண்டையைத் தின்றுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கே திட்டியிருந்தால் தேவலை. திரும்பி வருகையில், நகரத்தில் இந்த வண்டி ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நான் பின்னாடி ஏறிக்கிறேன்."

"அது இஷிவதா போற பெட்டிடீ."

"தெரியும். தூக்கத்துலகூட நீங்க அதத்தானே உளறுவீங்க. அக்கா தனியாக் கெடக்குறா. வந்து என்கூட இருடின்னு அழைச்சுக்கிட்டே இருக்கா."

"எத்தன நாளைக்கு?"

"போனா போனதுதான். ஊர்ல உள்ளவங்கள எல்லாம் சரியா வண்டி ஏத்தி விடுறீங்க. உங்க பொண்டாட்டி எந்த வண்டியில இருக்கான்னு ஒரு நாளாச்சும் பாத்திருக்கீங்களா? அகிமோரி வர்ற வரைக்கும் யோசிக்கிறேன். மனசு வந்தா இறங்கி முன்னாடி வர்றேன். வரலேன்னா நீங்களே பொங்கித் தின்னுக்குங்க. என்னை இழுத்துக்கிட்டுப் போக வர்ற வேலையெல்லாம் வேணாம். நானா வரணும்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. மகன் பிறந்த அன்று, பனி கொட்டியதால் நின்றுபோன வண்டிகளில் வந்த கூட்டத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார் இவாவோ. பிள்ளையின் முகத்தை மறுநாள் மத்தியானம்தான் பார்த்தார். அதைக்கூட அவள் பெரிதாகச் சொல்லிக்காட்டியதில்லை. வேலை என்றால் வேலைதானே என்று விட்டுவிட்டாள். வேலை முடிந்த பிறகும் அதே கதை என்றால் எந்தப் பெண்தான் பொறுப்பாள்?

அகிமோரியே சண்டையில் பிறந்த ஸ்டேஷன். முதலில் ஆற்றிலிருந்து ஜல்லி அள்ளிவர ஒரு கம்பெனி தண்டவாளம் போட்டது. பெரிய பூகம்பத்தில் இடிந்த தலைநகரத்தைத் திரும்பக் கட்ட ஜல்லி மலைமலையாக வேண்டியிருந்த காலம் அது. பின்னாலேயே மலையிலிருந்து மரம் கொண்டுவர இன்னொரு கம்பெனி வந்தது. ஓரடி நிலம் விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனசில்லை. ஆளுக்கொரு பிளாட்பாரம், ஆளுக்கொரு வாசல், நடுவில் வேலி. கண்ணுக்கு எதிரே நிற்கிற வண்டியைப் பிடிக்க, ஜனங்கள் வெளியே போய் வேறு டிக்கெட் வாங்கி மறுபடி உள்ளே வரவேண்டும். யுத்த காலத்தில் அரசாங்கம் இரண்டு கம்பெனியையும் பிடரியில் தட்டி ஒன்றாக்கியது. வேலி போனது, கோணல் போகவில்லை. மூன்றாம் பிளாட்பாரம் இன்றைக்கும் அரிவாள் மாதிரி வளைந்துதான் கிடக்கிறது. வண்டிக்கும் மேடைக்கும் நடுவில் குடையே விழுந்துவிடும். பிறகு வயலெல்லாம் வீடாகிக் கூட்டம் பெருத்தபோது, நகரத்துத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிக்கு இடமில்லாமல், இரண்டையும் கொக்கி போட்டு ஒன்றாக ஓட்டினார்கள். "நம்ம குடும்பமும் அகிமோரிதான். கொக்கியிலதான் ஓடுது" என்று கினுயோ அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். இவாவோவும் கூடச் சிரிப்பார்.

இன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். ஓடிப்போய்க் கூப்பிடலாமா? வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாளே! கூப்பிடாவிட்டால் அதையும் குற்றமாக எடுத்துக்கொள்வாளோ? வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்றுகூடத் தனக்குத் தெரியாது என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது.

அகிமோரி வந்தது. கதவு திறந்ததும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல் குதித்து இறங்கி, ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் போய் நின்றார். பின்னாலிருந்து முன்னால் வருகிற யாரும் அந்த இடத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். முப்பது வருஷமாக அவர் நின்ற இடமும் அதுதான். கொக்கி கழற்றுவதைக் கவனித்துக்கொண்டிருந்த கசாமா இவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இவருக்குக் கீழே வேலை பழகியவர் அவர்.

"என்னண்ணே, ரிட்டையர் ஆகியும் காலு சும்மா இருக்காதா?"

"பேசாம வேலையப் பாருய்யா."

சாயங்காலக் கூட்டம் முட்டி மோதியது. இவாவோ குதிகாலை உயர்த்தி, பின் பெட்டிகளின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் துழாவினார். சாம்பல் நிறக் கோட்டு, ஊதாக் கைப்பை. எங்கே அவள்? ஏழில் இல்லை. எட்டில் இல்லை.

"ஐயா, இது தகாசுகி போகுமா?"

"முன்னாடி ஆறு பெட்டி" என்றார், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். கை தானாக நீண்டு காட்டியது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஒன்பதில் ஒரு சாம்பல் கோட்டு. இல்லை, அது வேறு யாரோ. நேரம் ஓடியது. முன் வண்டிக்கு மணி அடித்துவிட்டார்கள்.

"இஷிவதாவுக்கு எந்தப் பெட்டிங்க?" என்று தோளுக்குக் கீழே ஒரு குரல் கேட்டது.

"பின்னாடி நாலு. சீக்கிரம் ஏறுங்கம்மா, கதவு சாத்தப் போறாங்க" என்றார். விரல் பின்பக்கம் நீண்டது. கண் பத்தாவது பெட்டியில் இருந்தது.

முன் ஆறு பெட்டியும் மலைப்பக்கம் கிளம்பிப் போயின. அவர் நகரவில்லை. அவள் இல்லாத வீட்டுக்குப் போய் என்ன செய்ய? அடுத்த மணியும் அடித்தது. பின் நாலு பெட்டி மெல்ல நகர்ந்து அவர் முன்னால் வந்தது. ஏழாவது பெட்டியின் முதல் கதவோரம், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள் கினுயோ. முகத்தில் கோபமே இல்லை. வழி சொன்ன ரயில்காரருக்கு யாரோ ஒரு பயணி நன்றி சொல்லிக் குனிவாளே, அப்படி ஒரு குனிதல் குனிந்தாள். வண்டி போய்விட்டது.

"என்னண்ணே, அண்ணி மட்டும் தனியாப் போறாங்க?" என்றார் கசாமா.

"நீ அவளப் பாத்தியா?"

"பாக்காம? பின்னாடியிருந்து பையத் தூக்கிக்கிட்டு வேகமா வந்தாங்களே. உங்க பக்கத்துல வந்து உங்க மொகத்தையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. அப்புறம் என்னமோ கேட்டாங்க. நீங்கதானே அங்க போய் ஏறுன்னு கை காட்டுனீங்க!"

இவாவோ தன் விரலைப் பார்த்தார். அதை ஒடித்துப் போட்டால் என்ன என்று இருந்தது. வந்துவிட்டாள். அவளாகவே இறங்கி வந்துவிட்டாள். தேடித் தேடி அவளைத் தேடியே, கையெட்டும் தூரத்தில் நின்றவளை அவரே ஏற்றி அனுப்பிவிட்டார். அவ்வளவு ஜனங்களுக்கு நடுவில் அவருக்கு அழுகை வந்தது. மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

"உக்காருங்கண்ணே" என்றார் கசாமா. அவர் உட்காரவில்லை. பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். அடுத்த வண்டி வந்து நின்றதும் ஒரு கிழவர் வந்து அவர் கையைப் பிடித்தார்.

"தம்பி, தகாசுகிக்கு எதுல ஏறணும்?"

"தெரியாதுங்க" என்றார் இவாவோ. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, பின்னால் இருந்த நாலு பெட்டிகளை நோக்கி ஓடினார்.