கட்டிலுக்கடியில் ஒரு பிரெஞ்சு ஒயின்

நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனிக்கு வந்திருந்த பிரெஞ்சுக்காரர், ஊர் திரும்பும்போது எனக்கு ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைக் கொடுத்தார். குளிர்ச்சியான, இருட்டான இடத்தில் படுக்கவைத்து, ஐந்து வருடம் கழித்துத் திறந்தால்தான் சுவை கூடும் என்றார். கோயம்புத்தூரில் என் வீட்டில் அப்படிப்பட்ட இடம் ஒன்றுதான் இருந்தது: ஏசி ஓடும் படுக்கையறையில், எங்கள் கட்டிலுக்கடியில்.

பாட்டிலுக்குச் சூடு ஏறக் கூடாதென்று மார்கழியிலும் ஏசியை நிறுத்தவில்லை. மனைவி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுத்தாள்.

"ஏனுங்க, இதுக்கு ஊட்டிக்கே குடி போயிருக்கலாமுங்க" என்பாள்.

ஐந்து வருடம் முடிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைத் திறந்து இரண்டு டம்ளரில் ஊற்றினேன். பிரெஞ்சுக்காரர் சொன்ன ஈர மண் வாசம் வருகிறதா என்று நான் முகர்ந்து கொண்டிருந்தபோதே, மதுவைத் தொட்டறியாத அவள் ஒரே மடக்கில் குடித்துவிட்டாள்.

"நாவப்பழத்தைக் கொட்டையோட கடிச்சுப்போட்ட மாதிரி தொவர்க்குதுங்க. இதுக்கா நான் அஞ்சு வருசம் நடுங்குனேன்?"

மீதியை மூடி வைக்கலாமென்று கார்க்கை எடுத்தேன். அவள் டம்ளரை நீட்டினாள்.

"இருங்க, இன்னொருக்கா ஊத்துங்க. செரியாப் பாத்துப்போடலாம்."

மூன்றாவது டம்ளரில் அவளுக்கு ஈர மண் வாசம் வந்துவிட்டது. எனக்கு முதலில் ஊற்றிய அரை டம்ளர்தான் கிடைத்தது.