வெள்ளையாகவே நின்ற ஈஸ்ட்

எங்கள் கல்முனைக்குடிப் பேக்கரியில் ஈஸ்ட் என்றால் பாண் மாவைப் பொங்க வைக்கும் சாமான், அவ்வளவுதான். அதன் மரபணுவைத் திருத்தலாம் என்று எனக்குச் சொன்னது கம்பஸில் படிக்கும் மகள். மிச்சத்தை நானே ஃபோனில் தேடித் தேடிப் படித்துக்கொண்டேன். கத்தரிக்கோல் போல ஒரு புரதம். அதற்கு வழிகாட்ட ஒரு துணுக்கு. சொன்ன இடத்தில் கச்சிதமாக வெட்டும். அடினின் என்ற சத்தைச் செய்யும் மரபணுவை வெட்டிக் கெடுத்தால், வெள்ளை ஈஸ்ட் சிவந்துவிடும். சிவந்தால் வெற்றி.

"காக்கா, மகள் ஈஸ்டுக்கு ஒப்பரேசன் செய்யிறாவாமே, மயக்க ஊசி போட்டாவா?" என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் மீன் வியாபாரிக்குப் பாண் வாங்க வரும்போதெல்லாம் இதே பகிடிதான்.

ஒரு பின்னேரம் மகள் அழுதுகொண்டே ஃபோன் எடுத்தாள்.

"வாப்பா, இந்த முறையும் எல்லாம் வெள்ளையாத்தான் இரிக்கி. இனியும் சிவக்காட்டி வேற தலைப்பு எடுக்கட்டாம் எண்டு சேர் சொல்றார்."

அவளுடைய கடைசி வருட ஆய்வு முழுவதும் அந்தச் சிவப்பில் தொங்கியது. எங்கள் பக்கத்தில் அழுகிற பிள்ளையிடம் முதலில் விசாரிப்பது சாப்பாட்டை. மனைவி ஃபோனைப் பறித்தாள்.

"சாப்பிட்டியா மகள்?"

"நான் சாப்பிட்டன் உம்மா. அதுகளும் நல்லாத்தான் தின்னுதுகள். வெட்டுப்பட்ட உயிர், பாவம் எண்டு அடினின் கூடவே போட்டு..."

திடீரென்று ஒரு கூச்சல்: "உம்மா! அதுதான் பிழை!"

விருந்தில் சஹன் என்ற பொதுச் சோற்றுத் தட்டைச் சுற்றி இருப்பவர் போதும் போதும் என்று கையால் மறைத்தாலும், விரல் இடுக்கால் இன்னுமோர் அகப்பை சோறு விழும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஈஸ்டையும் விருந்தாளியாக்கிவிட்டாள். 'வயிறு நிறைஞ்சவனுக்கு வேலை ஓடாது' என்பார்கள். அடினின், வளர்க்கும் ஆய்வுத் தட்டிலேயே தாராளமாகக் கிடைக்கும்போது ஈஸ்ட் அதைத் தானே செய்ய ஏன் மினக்கெடும்? செய்யப் புறப்பட்டுப் பாதியில் முட்டி நின்றால்தானே சிவப்பு தேங்கும்!

அடினின் குறைந்த தட்டுக்கு அதே ஈஸ்டை மாற்றினாள். சில நாள் கழித்து, பின்னேரப் பாணுக்குச் சனம் நெருக்கிக்கொண்டு நின்ற நேரத்தில் படம் வந்தது. தட்டு முழுக்கச் சிவப்புப் பொட்டுகள். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் போட்ட சத்தத்தில் மீன் வியாபாரியே ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன காக்கா இது, மாதுளம் முத்தெல்லோ!"

"ஒப்பரேசன் சக்சஸ்," என்றேன்.

மனைவி படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு மகளுக்கு ஃபோன் எடுத்தாள்.

"சிவந்திட்டுதானே மகள், இனியாவது அதுகளுக்கு வயிறு நிறையக் குடு."