பரஞ்சோதி அண்ணையின் கண்ணில் பிழையில்லை

இங்கே ஜான்-டலோன் காய்கறிச் சந்தையில் பாவற்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். கணவர் போன் எடுத்துச் சொன்னார்: “பரஞ்சோதி அண்ணை மோசம் போயிட்டாரப்பா.”

“ஆர் சொன்னது? வடிவா விசாரிச்சனீங்களோ?” என்றுதான் கேட்டேன். எதையும் உடனே நம்பாத பிறவி நான். அண்ணையின் மகளுடைய அழுகையைப் போனில் கேட்ட பிறகுதான் முருகா என்று பையைக் கீழே வைத்தேன்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அவருடைய நல்ல குணங்களை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத வேண்டியது வேறு. அண்ணைக்குக் கண் பார்வை பிழைத்துவிட்டது, அவர் செய்த தோட்டா துவக்கில் ஏறாது என்று உங்களில் சிலர் இன்னும் சொல்கிறீர்கள். அது பொய். அதன் வேர் நான்தான்.

அப்போது சென்ட் லோரன்ட் பகுதியில் அவருடைய வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தவர். இலையுதிர் காலத்தில் என் கணவரோடு மான் வேட்டைக்குப் போவார். சுட்டுமுடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, நிலக்கீழ் அறையில் அச்சில் அழுத்தி வாயை அளவுக்குக் கொண்டுவந்து, மருந்து நிரப்பிச் சன்னம் பொருத்தி, மறுபடி தோட்டா ஆக்குவார். போரில் சன்னத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த சனம் இங்கேயும் சன்னம் செய்வதா என்று எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது. மானுக்குத்தானா, வேறு எதற்குமா? கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லவா போகிறார்?

ஒரு வியாழக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் நிலக்கீழ் அறைக்கு இறங்கிப்போனேன். அங்கேயுள்ள கழுவுதொட்டியில் வெள்ளிக்குக் குத்துவிளக்கு மினுக்குவது சாட்டு. கையில் பழப்புளியும் இருந்தது. இரண்டு ஐஸ்கிறீம் வாளிகளில் கோதுகள் கறுத்துக் கிடந்தன. அடியில் ஏதும் ஒளித்திருக்கிறாரோ என்று இரண்டையும் தொட்டிக்குள் கொட்டினேன். ஒன்றுமில்லை. கொட்டியதற்கு ஒரு காரணம் வேண்டுமே! விளக்கோடு அவற்றையும் புளி போட்டுக் கழுவிக் காயவைத்து, பாதி பாதியாக வாளிகளில் போட்டேன்.

பின்னேரம் அண்ணை வந்து பார்த்தார். “தங்கச்சி, கோயில் பித்தளை மாதிரியெல்லோ மினுங்குது! இரண்டு வாளியையும் கலக்கேல்லைத்தானே?”

“ச்சீ, வேற வேறயாத்தான் கழுவினனான் அண்ணை.”

வெடித்த கோது அந்தந்தத் துவக்கின் அளவுக்கு வீங்கும். அவர் கோதின் வாயை மட்டும் இறுக்குகிறவர், உடலைத் தொடுவதில்லை. அதனால் ஒரு வாளி அவருடைய துவக்குக்கு, மற்றது என் கணவருடையதற்கு, மாறினால் சிக்கும். எனக்கு அது அப்போது தெரியாது.

வேட்டைக்கு முன் சரிபார்த்தபோது சில தோட்டாக்கள் ஏறின, சில பாதியில் சிக்கின. அச்சைக் கழற்றித் துடைத்தார். எண்ணெய் கூடிவிட்டதோ என்று குறைத்துப் பார்த்தார். கோது கோதாக நீளம் அளந்தார். என் சொல்லை மட்டும் அவர் சோதிக்கவில்லை. “அண்ணைக்கு வயசு போட்டுது, இனி அவற்ற தோட்டா வேண்டாம்” என்று கூட வேட்டைக்குப் போகிறவர்கள் என் கணவருக்குச் சொன்னார்கள்.

ஒரு ஞாயிறு மேலே வந்து என் கணவரிடம் சொன்னார்: “அளந்தால் எல்லாம் சரியாத்தான் தெரியுது, அப்ப கண்தான் பிழைச்சுப் போச்சு தம்பி. கண் பிழைச்சவனாலை பக்கத்தில நிக்கிறவனுக்கு ஆபத்து. நாளைக்கு வேலையிலயும் சொல்லப்போறன், மெசின் வேண்டாம், பொதி கட்டுற பக்கம் விடுங்கோ எண்டு.”

வாளிகளைப் பற்றி அவர் ஏன் கேட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது; தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: “அண்ணை, நான்தான் இரண்டு வாளிக் கோதையும் கலந்தனான். நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு வேவு பாக்க வந்தனான். பொய் சொல்லிப்போட்டன்.”

நேரே கீழே இறங்கிப்போனார். வெற்றுக்கோதுகளை ஒவ்வொன்றாகத் தன் துவக்கில் வைத்துப் பார்த்து, ஏறியதையும் சிக்கியதையும் வேறாக்கினார். கீழிருந்து சத்தம் கேட்டது: “நான் கண் டொக்டரைத் தேடித் திரியிறன், கள்ளி மேல இருந்து தேவாரம் படிக்குது!” பிறகு என்னைக் கூப்பிட்டு மேசையருகே கதிரை போட்டார். “இரும். இப்ப கேளும், எல்லாத்தையும்.”

“மானுக்குத்தானே அண்ணை, மனிசருக்கில்லையே?”

“மனிசர் சுடுபட்டுத் துடிச்சதைக் கண்டவன் நான். மானெண்டாலும் ஒரே வெடியில போகவேணும். அதுக்குத்தான் இவ்வளவு மினக்கெடுறன்.”

திங்கள் வழமைபோல இயந்திரத்துக்கே போனார். அடுத்த கிழமை நிலக்கீழ் அறைக்குப் பூட்டு வந்தது. அது எனக்குத்தான், நான் குறை சொல்லவில்லை. வெளியில் எவரிடமும் என் பெயரை அவர் எடுக்கவில்லை. நானும் என் கணவரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் உங்கள் கதை இன்றுவரை நின்றது.

சந்தேகம் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் இப்போது யார்மேல் மனம் கறுத்தாலும், முன்னால் போய் இருந்து கேட்டுவிடுகிறேன். பலர் முகம் சுளிக்கிறார்கள். அவர் ஒருவர்தான் கதிரை போட்டவர்.